தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா? அந்நியச் சிப்பிகள் நுழைந்த ஏரிகள் தரும் பாடம்



ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒரு பெரிய ஏரி. பத்து வருசத்துக்கு முன்னால் அதன் நீர் லேசான பச்சை நிறத்தில் கலங்கலாக இருந்தது. இன்று படகில் இருந்து எட்டிப் பார்த்தால் அடித்தரையே தெரிகிறது. ஏரி முன்பைவிட நல்ல நிலையில் இருக்கிறதா, இல்லையா? வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கைகள் "நல்லாருக்கு" பக்கம்தான் உயரும். தண்ணீர் தெளிந்தால் தூய்மைக்கேடு குறைந்துவிட்டது என்றுதானே நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பார்கள். ஏரி ஏன் தெளிந்தது என்று தெரியாமல் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. சாக்கடை நின்றதால் தெளிந்திருக்கலாம். அல்லது, ஏரியின் உணவையெல்லாம் யாரோ உறிஞ்சிக் குடித்துவிட்டதால் தெளிந்திருக்கலாம். இரண்டாவது காரணத்தைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். உயிரியலில் வரும் உணவு வலை, போட்டி, மிகையூட்டம், ஆக்கிரமிப்பு இனம் ஆகிய நான்கு தலைப்புகளையும் ஒரே கதையில் கட்டிக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

சிப்பி எப்படிச் சாப்பிடுகிறது?

முதலில் அடிப்படை. இருவோட்டுச் சிப்பிகள் இரையைத் துரத்திப் பிடிப்பதில்லை. நீரை உள்ளே இழுத்து, செவுளில் வடிகட்டி, அதிலுள்ள தாவர மிதவை உயிரிகளையும் நுண்துகள்களையும் எடுத்துக்கொண்டு, மீதி நீரை வெளியே விடுகின்றன. வேண்டாத துகளைச் சளியில் உருட்டித் துப்பிவிடும். இந்த உருண்டைக்குப் 'பொய்க்கழிவு' என்று பெயர். அது செரிமானப் பாதைக்குள் போவதே இல்லை, அதனால்தான் 'பொய்'. மெய்க்கழிவும் பொய்க்கழிவும் இரண்டுமே அடித்தரையில் போய்ப் படியும்.

இதில் ஒரு விசயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிப்பி நீரில் மிதந்துகொண்டிருந்த சத்தை எடுத்துத் தரைக்கு மாற்றுகிறது. சத்து காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பின்னால் வரும் விளைவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளம். கொள்ளளவு 300 கன மீட்டர், அதாவது 3 லட்சம் லிட்டர். தரையில் சதுர மீட்டருக்கு 5,000 சிறு சிப்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 200 சதுர மீட்டர், ஆக மொத்தம் 10 லட்சம் சிப்பிகள். ஒரு சிப்பி நாளுக்கு ஒரு லிட்டர் நீரை வடிகட்டினால் மொத்தம் 10 லட்சம் லிட்டர். அதாவது, குளத்து நீர் முழுவதும் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் சிப்பிகளின் வயிற்றுப் பக்கம் போய்வர வேண்டும்! நிஜத்தில் அடித்தரைக்கு அருகிலுள்ள அதே நீரே திரும்பத் திரும்ப வடிகட்டப்படும் என்பதால் விளைவு இதைவிடக் குறையும். ஆனாலும் இவ்வளவு சின்ன உயிர் ஒரு ஏரியையே மாற்றுவது எப்படி என்ற சந்தேகம் இந்தக் கணக்கில் தீர்ந்துவிடும்.

1988: வட அமெரிக்கப் பேரேரிகள்

உலகம் முழுக்கப் பாடநூல்களில் இடம்பெறும் சம்பவம் வட அமெரிக்காவின் பேரேரிகளில் நடந்தது. 1988 ஜூன் மாதம், ஹூரோன் ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் நடுவிலுள்ள செயிண்ட் கிளேர் ஏரியில், விரல் நகம் அளவே உள்ள, வரிவரியான ஒரு சிப்பியை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். வரிக்குதிரைச் சிப்பி என்று பெயர். அறிவியல் பெயர் டிரைசீனா பாலிமார்ஃபா. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிதான் அதன் சொந்த ஊர். அடுத்த வருசமே அதன் உறவுக்காரரான குவாகா சிப்பியும் ஈரி ஏரியில் கிடைத்தது.

எப்படி வந்தன? கப்பலில். சரக்கு இல்லாத கப்பல் அலையில் ஆடாமல் இருக்க, ஒரு துறைமுகத்தில் நீரை வயிற்றில் நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்த நீரை வெளியே கொட்டும். இதைத்தான் பாலாஸ்ட் நீர் என்கிறோம். 1959இல் செயிண்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டபின் பெருங்கடல் கப்பல்கள் நேராகப் பேரேரிகளுக்குள் வர முடிந்தது. அவற்றின் பாலாஸ்ட் நீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பி இளவுயிரிகளும் சேர்ந்து வந்தன.

வந்த இடத்தில் அவை ஏன் இவ்வளவு சீக்கிரம் பெருகின? மூன்று காரணங்களை மாணவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, இனப்பெருக்க வேகம். ஒரு பெண் சிப்பி ஓராண்டில் 10 லட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது. இளவுயிரிகள் பல வாரங்கள் நீரில் தானாக மிதந்து பரவும். பேரேரிகளின் உள்ளூர் நன்னீர்ச் சிப்பிகளோ அப்படியல்ல. அவற்றின் இளவுயிரி ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டால்தான் பிழைக்கும். மீன் கிடைக்காவிட்டால் போச்சு.

இரண்டு, பற்றிழை. வரிக்குதிரைச் சிப்பி பசை போன்ற நூல்களால் பாறை, படகு, குழாய், இன்னொரு சிப்பி என எதிலும் ஒட்டிக்கொள்ளும். அங்குள்ள உள்ளூர் நன்னீர்ச் சிப்பிகளில் வளர்ந்தபின் இப்படி ஒட்டி வாழும் இனம் இல்லை. ஆக, காலியாகக் கிடந்த ஒரு வாழ்விடப் பங்கு வந்தவருக்கு அப்படியே கிடைத்தது.

மூன்று, சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருந்த இரைகொல்லிகளும் ஒட்டுண்ணிகளும் புது இடத்தில் மிகக் குறைவு. வாத்துகளும் சில மீன்களும் தின்னத்தான் செய்தன, ஆனால் பெருக்கத்தை அவற்றால் ஈடுகட்ட முடியவில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மின்நிலையத்தில் சதுர மீட்டருக்கு 7 லட்சம் சிப்பிகள் வரை எண்ணப்பட்டன. 1989 டிசம்பரில் அதே மாநிலத்தின் மன்ரோ நகரத்தில் நீர் உறிஞ்சும் குழாய் அடைபட்டு, இரண்டு நாள் ஊரே குடிநீர் இல்லாமல் தவித்தது.

ஏரிக்குள் நடந்தது என்ன?

இனி விளைவுகளை வரிசையாகப் பார்ப்போம். ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து பிறப்பதைக் கவனியுங்கள்.

முதல் விளைவு, மிதவை உயிரிகள் குறைந்தன, நீர் தெளிந்தது. ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் ஒருசில ஆண்டுகளிலேயே நீரின் தெளிவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. மிச்சிகன் ஏரியில் குவாகா சிப்பி ஆழமான பகுதிகளுக்கும் பரவியபின், வசந்த காலத்தில் வழக்கமாக வரும் மிதவைப் பாசிப் பெருக்கமே ஏறக்குறைய மறைந்தது.

இரண்டாவது, மேலே உள்ளவர்களுக்குப் பசி. தாவர மிதவைகளைத் தின்னும் விலங்கு மிதவைகள், அவற்றைத் தின்னும் சிறு மீன்கள், அவற்றைத் தின்னும் பெரிய மீன்கள் என்று உணவுச் சங்கிலி மேலே போகிறது அல்லவா? அடிப்படி சுருங்கினால் எல்லாப் படிகளும் சுருங்கும். ஏரித் தரையில் வாழ்ந்த டைபோரியா என்ற இறால் வகைச் சிற்றுயிர் இதற்கு நல்ல சாட்சி. மிச்சிகன் ஏரியில் ஒரு காலத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருந்த அது, சிப்பிகள் பரவியபின் பெரும்பகுதியில் காணாமலே போயிற்று. அதை நம்பியிருந்த வெள்ளைமீன்கள் மெலிந்தன, மீனவரின் வருமானமும் குறைந்தது.

மூன்றாவது, உள்ளூர்ச் சிப்பிகளின் அழிவு. வரிக்குதிரைச் சிப்பிகள் அவற்றின் ஓட்டின் மேலேயே நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டன. திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது, உணவும் கிடைக்காது. செயிண்ட் கிளேர் ஏரியின் திறந்த பகுதியில் உள்ளூர் இனங்கள் 1990களின் நடுவிலேயே கிட்டத்தட்ட இல்லாமல் போயின.

நான்காவது, ஒளி அடிவரை போயிற்று. நீர் தெளிந்ததால் சூரிய ஒளி ஆழம் வரை பாய்ந்தது, தரையில் சிப்பியின் கழிவு உரமாகக் கிடந்தது. விளைவாக, கிளாடோஃபோரா என்ற இழைப்பாசி கரையோரப் பாறைகளில் அடர்ந்து வளர்ந்து, அறுந்து, கரையில் ஒதுங்கி அழுகியது. நாற்றம் தாங்காமல் கடற்கரைகளை மூட வேண்டியதாயிற்று.

ஐந்தாவது, பறவைகளின் சாவு. அழுகும் பாசி உயிர்வளியைத் தீர்த்துவிடுகிறது. உயிர்வளி இல்லாத இடத்தில் போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர்கிறது. அந்த நஞ்சு சிப்பி போன்ற தரைவாழ் உயிர்கள் வழியாகக் கோபி மீனுக்கும், மீனைத் தின்ற லூன் போன்ற நீர்ப்பறவைகளுக்கும் போகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1999க்குப் பிறகு பல்லாயிரம் பறவைகள் இப்படி இறந்தன. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோபி மீனும் கருங்கடல் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளிதான்.

ஆறாவது, நச்சுப்பாசி. இதுதான் மாணவர்கள் எதிர்பார்க்காத திருப்பம். சிப்பி பாசியைத் தின்றால் பாசிப்பெருக்கம் குறைய வேண்டுமே? குறையவில்லை. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சு நீலப்பச்சை உயிரியைச் சிப்பி ருசி பார்த்துப் பொய்க்கழிவாக உயிரோடு துப்பிவிடுகிறது. போட்டியாக இருந்த மற்றப் பாசிகளைத் தின்றுவிடுகிறது. நச்சுப்பாசிக்குக் களம் காலியாகிறது. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரப் பகுதியில் சுமார் 4 லட்சம் பேர் ஏறக்குறைய மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் போனது இந்த மைக்ரோசிஸ்டிஸ் நஞ்சால்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: அதற்கு முதன்மைக் காரணம் வயல்களிலிருந்து வரும் பாஸ்பரஸ். சிப்பி துணைக் காரணம்தான். விடைத்தாளில் முழுப் பழியையும் சிப்பி மேல் போட்டுவிடாதீர்கள்.

நன்மையே இல்லையா என்றால், உண்டு. ஒளி கிடைத்ததால் நீரடித் தாவரங்கள் சில இடங்களில் திரும்பி வந்தன. அவற்றில் மறைந்து வேட்டையாடும் சில மீன்களுக்கு அது தோதாக அமைந்தது. சிப்பியைத் தின்னும் வாத்துகளுக்கும் உணவு கிடைத்தது. "விளைவுகளை மதிப்பிடுக" என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

பழவேற்காடு, எண்ணூர்: காக்கா ஆழி

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகத்தில் மீனவர்கள் சில ஆண்டுகளாகக் 'காக்கா ஆழி' என்ற ஒரு கருஞ்சிப்பியோடு மல்லுக்கட்டுகிறார்கள். அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கடலோர இனம். கப்பல்களின் பாலாஸ்ட் நீரிலோ கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியோ வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிக்குதிரைச் சிப்பி நன்னீர் இனம். காக்கா ஆழி உவர்நீர் இனம், ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் வாழ்வது. நீரின் உப்பு கூடினாலும் குறைந்தாலும் வெகுவாகத் தாங்கிக்கொள்ளும். இனம் வேறானாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்: இளவுயிரி நீரில் மிதந்து பரவும், பற்றிழையால் ஒட்டும், கூட்டமாகத் தரையை மூடும், நீரை வடிகட்டும்.

கொசஸ்தலை ஆற்றின் சேற்றுத் தரையில் இது பாய் விரித்தது போலப் படர்ந்திருக்கிறது. இறால் சேற்றுக்குள் புதைந்து வாழ்வது. தரையே ஓடுகளால் மூடிவிட்டால் அது எங்கே புதையும்? உள்ளூர் மட்டிகள் எங்கே போகும்? சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலையும் படகும் இல்லை, அந்தச் சேறுதான் சொத்து. அது சிப்பிக்கூட்டத்துக்கு அடியில் மறைந்துவிட்டது. மீனவர்களின் முறையீடு சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போயிருக்கிறது.

எண்ணூரிலிருந்து வடக்கே பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு நீர்த்தொடர்பு உண்டு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஸ்ரீஹரிகோட்டா தீவு அதை வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. அங்குள்ள மீனவரும் காக்கா ஆழியைப் பற்றிக் கவலையோடு பேசுகிறார்கள். கவலைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. மிச்சிகன் ஏரியின் சராசரி ஆழம் 85 மீட்டர், ஈரி ஏரியின் ஆழம் 19 மீட்டர், பழவேற்காட்டின் சராசரி ஆழமோ ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். முன்னால் போட்ட குளத்துக் கணக்கை மறுபடி பாருங்கள். ஆழம் குறையக் குறைய, தரையிலுள்ள சிப்பிக்கு முழு ஏரி நீரும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது.

கேரளத்திலும் இதே இனம்தான். 2019இல் வேம்பநாடு, அஷ்டமுடி ஏரிப் பகுதிகளிலிருந்து ஆய்வாளர்கள் இதை அறிவித்தார்கள். அங்குள்ளவர்கள் இதற்கு வைத்த பெயர் 'வரத்தன் கக்கா', வெளியூரிலிருந்து வந்த சிப்பி என்று பொருள். இரண்டு ஏரிகளும் 2002 முதல் ராம்சார் ஈரநிலங்கள். அஷ்டமுடியின் மட்டித் தொழில் 2014இல் நிலைத்த மீன்பிடிக்கான அனைத்துலகச் சான்றிதழைப் பெற்றது, இந்தியாவில் அதுவே முதல். அப்படிப் பொறுப்பாக நடத்தப்பட்ட தொழிலுக்கும் ஓர் அந்நியச் சிப்பி அச்சுறுத்தலாக வர முடிகிறது. மீனவர் தவறே செய்யாவிட்டாலும் விலையை அவர்தான் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணூர் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலாலும் தொழிற்சாலைக் கழிவுகளாலும் நலிந்த கழிமுகம். நலிந்த இடத்தில் உள்ளூர் இனங்கள் தளர்ந்திருக்கும், தாங்கும் சக்தி மிகுந்த வந்தேறி இனம் வென்றுவிடும். தூய்மைக்கேடும் ஆக்கிரமிப்பு இனமும் தேர்வில் தனித்தனித் தலைப்பாக வரலாம், ஆனால் களத்தில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

நம் பக்கம் என்ன நிலை?

மலேசியாவும் விலக்கல்ல. காக்கா ஆழி 2016 முதல் ஜொகூர் நீரிணையில், சிங்கப்பூர்க் கரைப் பக்கம் காணப்பட்டு வேகமாகப் பரவியது. சிங்கப்பூரின் கிராஞ்சி சேற்றுத் திட்டுகளில் அது கம்பளம் போலப் படர்ந்தது. நாம் விரும்பிச் சாப்பிடும் சிப்புட் சூடு என்ற பச்சைச் சிப்பி வளர்க்கும் கயிறுகளும் மிதவைகளும் அதற்கு ஏற்ற ஒட்டிடங்கள்.

நன்னீரில் வேறொரு விருந்தாளி இருக்கிறது. சைனனோடோன்டா வூடியானா என்ற சீனத்துக் குளச்சிப்பி, தீபகற்ப மலேசியாவில் வேரூன்றிவிட்ட அந்நிய இனம். 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். இது குழாயில் ஒட்டாது, சேற்றில் புதைந்து வாழும். இதன் இளவுயிரி மீனின் உடலில் ஒட்டிப் பயணம் செய்யும். அதனால்தான் வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு சேர்ந்து நாடு விட்டு நாடு போய்விடுகிறது. நம் ஆறுகளில் உள்ள கீஜிங் என்ற உள்ளூர்ச் சிப்பிகளுக்கு உணவிலும் மீன்துணையிலும் இது போட்டி.

பினாங்கை எடுத்துக்கொள்வோம். நம் குழாய் நீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆயிர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் அணைகள் சேமிப்புக்குக் கைகொடுக்கின்றன. ஜோர்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் அனைத்துலகக் கப்பல்கள் வந்து போகின்றன. கப்பலும் உண்டு, குடிநீர் அணையும் உண்டு, மீன்வளர்ப்பும் உண்டு. மன்ரோ நகரத்துக் கதையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? செபராங் பிறை நெல்வயல்களில் தங்க நத்தை செய்த சேதத்தையும், ஆறுகளில் பெருகிவிட்ட 'ஈக்கான் பண்டாராயா' மீனையும் அவர்களே பார்த்திருப்பார்கள். தெரிந்த எடுத்துக்காட்டிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப் போங்கள்.

ஒரு தவறான எண்ணமும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'அந்நியச் சிப்பி கெட்டது, நம் சிப்பி நல்லது' என்று மாணவர் முடிவு கட்டிவிடக்கூடாது. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ள தங்கச்சிப்பி, அதாவது லிம்னோபெர்னா ஃபோர்ச்சூனி, 1991இல் தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றில் கண்டறியப்பட்டு, அங்கே பெரும் தொல்லையாகிவிட்டது. 2024 அக்டோபரில் கலிஃபோர்னியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நம் வட்டாரத்து உயிர் அங்கே போய் ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது! உயிர் அதேதான், இடமும் அதைக் கட்டுப்படுத்தும் உறவுகளும்தான் மாறின.

தடுக்க முடியுமா?

வந்தபின் விரட்டுவது மிகக் கடினம், ஆனால் முடியவே முடியாது என்றில்லை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999 மார்ச்சில் கருவரிச் சிப்பி என்ற இனம் படகுத்துறைகளில் கண்டறியப்பட்டது. வரிக்குதிரைச் சிப்பியின் நெருங்கிய உறவு. இந்தியாவின் விசாகப்பட்டினத்தில் 1967 வாக்கிலேயே வந்துவிட்ட இனம் அது. டார்வினில் துறைகளை உடனே மூடி, குளோரினும் செப்பு சல்ஃபேட்டும் போட்டு முற்றாக ஒழித்தார்கள். அமெரிக்காவின் வெர்ஜினியாவில் ஒரு கல்குவாரிக் குட்டையிலிருந்து வரிக்குதிரைச் சிப்பியை 2006இல் பொட்டாசியம் குளோரைடால் ஒழித்தார்கள். இரண்டு வெற்றிகளுக்கும் பொதுவானது என்ன? மூடக்கூடிய சிறிய நீர்நிலை, விரைவான நடவடிக்கை. பேரேரிகளிலோ பழவேற்காட்டிலோ அப்படி மருந்து கொட்ட முடியாது, மற்ற உயிர்களும் சேர்ந்து செத்துவிடும்.

ஆகவே வருமுன் காப்பதே வழி. பாலாஸ்ட் நீர் மேலாண்மை ஒப்பந்தம் 2004இல் ஏற்கப்பட்டு, 8 செப்டம்பர் 2017இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. கப்பல்கள் பாலாஸ்ட் நீரைச் சுத்திகரித்தபிறகே வெளியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். நம் அளவில் செய்யக்கூடியது இன்னும் எளிது: வளர்ப்புத் தொட்டி மீனையும் அதன் நீரையும் ஆற்றிலோ அணையிலோ கொட்டாமல் இருப்பது. புண்ணியம் என்று நினைத்துக் கடையில் வாங்கிய மீனை ஆற்றில் விடுபவர்கள் உண்டு. அந்த மீனின் செவுளில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தேர்வில் எப்படி எழுதுவது?

மாதிரிக் கேள்வி: ஓர் ஏரியில் அந்நியச் சிப்பி நுழைந்தபின் நீரின் தெளிவு அதிகரித்தது, மீன்பிடிப்பு குறைந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

பலவீனமான விடை: "சிப்பி ஏரியை அசுத்தப்படுத்தியதால் மீன்கள் இறந்தன." இதில் காரணத்தொடர் இல்லை. நீர் தெளிந்தது என்ற தகவலுக்கும் எதிராக இருக்கிறது.

நல்ல விடை: "சிப்பிகள் நீரை வடிகட்டித் தாவர மிதவை உயிரிகளை உண்கின்றன. மிதவை உயிரிகள் குறைவதால் நீர் தெளிகிறது. அதே காரணத்தால் விலங்கு மிதவைகளுக்கு உணவு குறைகிறது, அவற்றின் எண்ணிக்கை சரிகிறது. அவற்றை உண்ணும் சிறு மீன்களும், அடுத்து பெரிய மீன்களும் குறைகின்றன. உற்பத்தியாளர்கள் கைப்பற்றிய ஆற்றல் மீன்களுக்குப் போகாமல் சிப்பிகளிடமும் அடித்தரையிலும் தங்கிவிடுகிறது."

'அதே காரணத்தால்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? தெளிவு மீனைக் குறைக்கவில்லை. இரண்டுமே ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் சோதிப்பது இந்த வேறுபாட்டைத்தான். நிறைய பேர் சறுக்குவதும் இங்கேதான்.

அடிக்கடி வரும் வேறு மூன்று பிழைகள்: எல்லா அந்நிய இனமும் ஆக்கிரமிப்பு இனம் என்று எழுதுவது (தீங்கு செய்து பரவினால்தான் அப்பெயர்), சிப்பியை இரைகொல்லி என்று மட்டும் சொல்லி உள்ளூர்ச் சிப்பியோடு அதற்குள்ள போட்டியை விட்டுவிடுவது, பாஸ்பரஸ் ஏரியிலிருந்து நீங்கிவிட்டது என்று எழுதுவது. அது கரையோரத் தரைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பறைக்கு ஒரு செயல்

ஆசிரியர்கள் இதை ஒரு பாடவேளையில் செய்யலாம். ஏரியின் உயிர்களைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கொடுங்கள்: தாவர மிதவை, விலங்கு மிதவை, சிறு மீன், பெரிய மீன், உள்ளூர்ச் சிப்பி, தரைப்பாசி, நீர்ப்பறவை, மீனவர். மாணவர்கள் நூல் கட்டி உணவு வலையை அமைக்கட்டும். பிறகு 'அந்நியச் சிப்பி' அட்டையை நடுவில் வையுங்கள். எந்த நூல் தளர்கிறது, எது இறுகுகிறது, புதிதாக எந்த நூல் கட்ட வேண்டும் என்று அவர்களே விவாதிக்கட்டும். மீனவர் அட்டையை மறந்துவிடாதீர்கள். அந்த நூல் தளரும்போதுதான் இது வெறும் பாடமல்ல, எண்ணூரில் ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோறு என்பது பிள்ளைகளுக்கு உறைக்கும்.

நேரம் இருந்தால் ஒரு வெள்ளைத் தட்டில் கால்பகுதிகளை மாற்றி மாற்றிக் கறுப்பு மை பூசி, கயிற்றில் கட்டி, பள்ளிக்குளத்திலோ நீர்த்தொட்டியிலோ இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே அந்த நீரின் தெளிவு. செக்கி தட்டு என்பது இதுதான். எண்ணைக் குறித்தபின், கட்டுரையின் முதல் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இந்த நீர் தெளிவாக இருப்பதற்கு, அல்லது கலங்கலாக இருப்பதற்கு, என்னென்ன காரணம் இருக்கலாம்? எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" மூன்று காரணமாவது சொல்லி, ஒவ்வொன்றையும் சோதிக்க ஒரு வழியும் சொல்லும் மாணவர் ஆக்கிரமிப்பு இனங்களைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் தைரியமாகப் பேனா எடுக்கலாம்.